இடைநிலைப் பள்ளியில் பாடத் திட்டமும் மாணவர் ஆதரவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியின் ஆண்டுத் திட்டத்தையும் கால அட்டவணையையும் போடும் வேலையில் இருக்கிறேன். பெற்றோர், புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள், சில சமயம் மாணவர்களே திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. விதிகள் நாட்டுக்கு நாடு, வாரியத்துக்கு வாரியம் மாறும். திட்டமிடும் முறை அவ்வளவாக மாறாது. முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. பாடப்புத்தகம்தான் இருக்கே, முதல் பக்கத்திலிருந்து நடத்தினால் போதாதா? தனியா எதுக்கு ஒரு திட்டம்?

அரசோ வாரியமோ தருவது இரண்டுதான். இந்த வகுப்பு முடியும்போது மாணவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் ஒன்று, அதற்கேற்ற புத்தகம் ஒன்று. எதை எந்த மாதத்தில் தொடங்குவது, எதற்கு அதிக நேரம் கொடுப்பது, புரிந்ததா என்று எந்த இடத்தில் நின்று பார்ப்பது, புரியாதவர்களுக்கு அடுத்து என்ன செய்வது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்காது. அந்த முடிவுகளை எடுப்பதைத்தான் திட்டமிடுவது என்கிறோம்.

அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949-இல் இதை நான்கு கேள்விகளாக வைத்தார். எதை அடைய நினைக்கிறோம்? அதற்கு மாணவருக்கு எந்தக் கற்றல் அனுபவங்கள் வேண்டும்? அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது? அடைந்துவிட்டோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நல்ல புத்தகம்கூட இரண்டாவது கேள்விக்குத்தான் ஓரளவு பதில் சொல்லும். கடைசிக் கேள்வியைப் பள்ளிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. இடைநிலைனா எந்த வயசு?

யுனெஸ்கோவின் கல்வி வகைப்பாட்டில் கீழ் இடைநிலை, மேல் இடைநிலை என்று இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் 10 முதல் 13 வயதுக்குள், பெரும்பாலும் 12-இல் தொடங்கும். இரண்டாம் கட்டம் பெரும்பாலும் 17 அல்லது 18-இல் முடியும். குழந்தையாக உள்ளே வருபவர் ஏறக்குறைய பெரியவராக வெளியே போகும் காலம் இது. இந்த வயதில் ஆதரவு என்பது பாடத்தோடு நின்றுவிடாததற்குக் காரணமும் அதுதான்.

3. திட்டத்தை யார் போடுறாங்க? ஹெட்மாஸ்டர் ஒருத்தரேவா?

அவர் ஒருவரே போட்டால் அது அவருடைய மேசையோடு நின்றுவிடும். ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் பொறுப்பாசிரியர் ஓராண்டு வரைவைத் தயாரிப்பார். அட்டவணை போடுபவர் அதற்கு நேரம் இருக்கிறதா என்று பார்ப்பார். சிறப்புக் கல்வி ஆசிரியரும் மாணவர் ஆலோசகரும், குறிப்பிட்ட மாணவர்களுக்கு எது எட்டாமல் போகும் என்று சொல்வார்கள். இந்தக் கடைசி இருவரையும் வரைவு நிலையிலேயே உட்கார வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டால் ஒட்டுப்போடத்தான் முடியும்.

ஆண்டுத் திட்டம், பாட அலகுத் திட்டம், அன்றாட வகுப்புத் திட்டம் என்று மூன்று அளவில் இது நடக்கும். முதல் இரண்டும் எல்லோருக்கும் பொது. மூன்றாவது ஆசிரியரின் சொந்த விஷயம். அதில் மற்றவர்கள் அளவுக்கு மீறித் தலையிட்டால் வகுப்பு உயிரில்லாமல் போய்விடும்.

4. வருஷத்துக்கு எவ்வளவு நேரம் உண்மையில் கிடைக்கும்? எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு மாதிரிக் கணக்குப் பார்ப்போம். கல்வியாண்டு 40 வாரம், ஒரு பாடத்துக்கு வாரம் 5 பாடவேளை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 200. தேர்வுகளுக்கு 4 வாரம், விழா, போட்டி, வெளிப்பயணம் ஆகியவற்றுக்கு 2 வாரம் என்று கழித்தால் மீதி 34 வாரம், அதாவது 170 பாடவேளை. ஆசிரியர் விடுப்பு, எதிர்பாராத விடுமுறை என்று அதில் பத்தில் ஒரு பங்கு போகும். கடைசியில் கையில் நிற்பது 153. காகிதத்தில் 200 என்று எண்ணித் திட்டம் போட்டவர் கடைசி இரண்டு மாதம் ஓட்டமாக ஓடுவது இதனால்தான்.

இந்த 153-ஐயும் புதுப் பாடத்துக்கே கொடுத்துவிடக் கூடாது. கால் பங்கை, சுமார் 38 பாடவேளையை, மீள்பார்வைக்கும் சிறு சோதனைகளுக்கும் திரும்பக் கற்பிப்பதற்கும் என்று ஆரம்பத்திலேயே எடுத்து வைக்க வேண்டும். மிச்சம் 115. பாடத்தில் 12 அலகுகள் இருந்தால் ஒன்றுக்குச் சராசரி 9 அல்லது 10 வரும்.

சராசரியை அப்படியே பங்கு போட்டுவிடவும் கூடாது. இயற்கணிதச் சமன்பாடுகளுக்கு 16 பாடவேளை வேண்டியிருக்கலாம். புள்ளிவிவரங்களைப் படமாக வரைவதற்கு 5 போதும். எது கனமான அலகு என்பதைப் பக்க எண்ணிக்கை காட்டாது. அதைச் சில வருடம் நடத்தியவரைக் கேளுங்கள். எந்த இடத்தில் வகுப்பு திணறும் என்று அவர் யோசிக்காமலே சொல்வார்.

5. வரிசையை ஏன் மாத்தறீங்க? புத்தகத்தில் எட்டாவதா இருக்கிற பாடத்தை மூன்றாவதா நடத்துறாங்களே?

ஒரு பாடம் இன்னொரு பாடத்தின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு புத்தகமும் தன்னளவில் ஒழுங்காகத்தான் இருக்கும். பக்கத்துப் பாடத்தின் புத்தகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வேதியியலில் மோல் கணக்கு வரும்போது மாணவருக்கு விகிதம் தடையில்லாமல் வர வேண்டும். இயற்பியலில் வேகம்–நேரம் வரைபடத்தின் சாய்வைக் கண்டுபிடிக்கச் சொன்னால், நேர்கோட்டின் சாய்வு கணக்கு வகுப்பில் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை உயிரியல் ஆசிரியர் எழுதும் நாளில் வேதிக் குறியீடுகள் புதிதாக இருந்தால், பிள்ளைகள் அதைப் புரியாமல் படம் பிடித்த மாதிரி மனப்பாடம் செய்வார்கள்.

இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. எல்லாப் பாடங்களின் ஆண்டுத் திட்டத்தையும் மாதவாரியாக ஒரே பெரிய தாளில் எழுதி ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டுங்கள். எந்த அலகுக்கு வேறு எந்த அலகு முன்னால் வர வேண்டுமோ, இரண்டையும் கோட்டால் இணையுங்கள். பின்னோக்கிப் போகும் கோடு ஒவ்வொன்றும் ஒரு சிக்கல். பலவற்றை இரண்டு ஆசிரியர்கள் நின்றபடியே பேசித் தீர்த்துவிடுவார்கள். சில தீராது, அங்கே இரண்டாவதாக வரும் ஆசிரியர் தன் அலகின் தொடக்கத்தில் ஒரு பாடவேளையை அடித்தளத்துக்கு ஒதுக்க வேண்டும்.

6. போன வருஷம் படிச்ச அதே பின்னம், அதே விகிதம் இந்த வருஷமும் வருது. நேரம் வீண்தானே?

அதே இடத்தில் நின்றால் வீண். அதே கருத்து கொஞ்சம் உயரத்தில் திரும்பி வந்தால் அது திட்டமிட்டுச் செய்தது. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-இல் முன்வைத்த சுருள் முறை என்பது இதுதான். விகிதம் முதலில் எண்களாக வரும்; பிறகு சதவீதமாக, வடிவொத்த முக்கோணங்களாக, முக்கோணவியலாக வரும். பெயர் மாறுவதால் பிள்ளைகளுக்கு எல்லாம் புதிது போலத் தோன்றும். இது நீங்கள் முன்பே பார்த்ததுதான் என்று ஆசிரியர் சொல்லிக் காட்டினால் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொரு காரணம் மறதி. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹாஸ் 1885-இல் தன்னையே சோதித்து, கற்றது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறப்பதைக் காட்டினார். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்தோ, புத்தகத்தை மூடி நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். அதனால்தான் போன மாதப் பாடத்திலிருந்து மூன்று கேள்வியோடு வகுப்பைத் தொடங்கச் சொல்கிறோம். அதற்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை.

7. ஆரம்பப் பள்ளியில் முதல் மாணவன். இங்கே வந்ததும் மார்க் விழுந்துடுச்சு. பிள்ளை கெட்டுப்போயிட்டானா?

இல்லை. ஒரே ஆசிரியரிடம் நாள் முழுக்க இருந்த பிள்ளை, இப்போது எட்டு ஆசிரியர்களின் எட்டு விதமான எதிர்பார்ப்புகளுக்கு ஈடுகொடுக்க வேண்டும். எந்த நோட்டை எந்த நாள் கொண்டுவருவது என்பதே முதல் மாதத்தில் பெரிய வேலை. பாடம் கடினமாவதற்கு முன்பே ஒழுங்குபடுத்திக்கொள்வது கடினமாகிவிடுகிறது.

முதல் நான்கு வாரத்தில் புதுப் பாடத்தைக் குறைத்து, பழையதில் எது தெரியும் என்று பார்க்கவும், நோட்டு, வீட்டுப்பாடம், அட்டவணை ஆகியவற்றைக் கையாளக் கற்றுக்கொடுக்கவும் நேரம் வைத்தால் இந்தச் சரிவு வெகுவாகக் குறையும். வகுப்பாசிரியர் தினமும் பத்து நிமிடம் தன் வகுப்பை மட்டும் பார்க்கும்படி அட்டவணையில் இடம் இருக்க வேண்டும். பெற்றோர் கவனிக்க வேண்டியது மார்க்கை அல்ல. காலையில் பள்ளிக்குக் கிளம்பத் தயங்குகிறானா என்று பாருங்கள். அப்படியானால் உடனே பேசுங்கள்.

8. போர்ஷனைச் சீக்கிரம் முடிச்சிட்டு, கடைசி மூணு மாசம் ரிவிஷன் பண்ணினா நல்லதுதானே?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சீக்கிரம் முடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு அலகிலிருந்தும் நேரத்தைப் பிடுங்க வேண்டும். முதலில் போவது யோசித்துச் செய்யும் கணக்குகள், ஆய்வகம், விவாதம், எழுதிப் பார்ப்பது. அப்போது புரியாமல் போனதைக் கடைசி மூன்று மாதத்தில் மீள்பார்வை என்ற பெயரில் முதல் முறையாகக் கற்பிக்க வேண்டிவரும். அது மீள்பார்வையே இல்லை.

கேள்வி 4-இல் எடுத்து வைத்த 38 பாடவேளையை ஆண்டு முழுக்கப் பரப்புங்கள். அதே நேரம்தான்; ஆனால் கேள்வி 6-இல் சொன்ன காரணத்தால் இடைவெளி விட்டு வரும்போது அதிகம் தங்கும். தேர்வுக்கு முன் ஐந்து ஆறு வாரம் தொடர்ச்சியான மீள்பார்வை போதும் என்பது என் எண்ணம். இப்படிப் பரப்புவது பின்தங்கிய மாணவருக்கும் நல்லது. தவறு நடந்த இரண்டாவது வாரத்திலேயே திருத்த வாய்ப்புக் கிடைக்கிறது.

9. என் பொண்ணு கணக்கில் ரொம்பப் பின்தங்கிட்டா. பள்ளி என்னதான் செய்யும்?

முதலில், எங்கே பின்தங்கினாள் என்று கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு வரவில்லை என்பது எந்த உதவிக்கும் வழிகாட்டாத வாக்கியம். ஒரு மாணவி 3x − (x − 5) என்பதை 2x − 5 என்று எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு இயற்கணிதம் தெரியாமல் இல்லை. அடைப்புக்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறி உள்ளே இருக்கும் எல்லா உறுப்புக்கும் போகும் என்பது பதியவில்லை. பெரும்பாலும் அது எதிர்ம எண்களில் விட்டுப்போன ஒன்று. அதை நான்கு நாளில் சரிசெய்யலாம். இயற்கணிதம் முழுவதையும் மறுபடி நடத்தினால் நான்கு மாதம் போகும், குறையும் அப்படியே இருக்கும்.

உதவி படிப்படியாகப் போகும். முதல் படி வகுப்புக்குள்ளேயே. ஆசிரியர் விளக்கத்தை மாற்றுவார், பக்கத்தில் உட்கார்ந்து ஓரிரு கணக்குகள் போட வைப்பார். அது போதாவிட்டால் ஒரே குறை உள்ள நான்கைந்து பேரைச் சேர்த்து ஆறு முதல் எட்டு வாரம் சிறு குழு. அதுவும் போதாவிட்டால் தனிக் கவனம், தேவைப்பட்டால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று நிபுணரிடம் பரிசோதனை. ஒவ்வொரு படியிலும் ஒரு முடிவுத் தேதியும் அன்று என்ன பார்ப்போம் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். தேதி இல்லாத சிறப்பு வகுப்பு பிள்ளைக்குத் தண்டனையாக மாறிவிடும்.

இந்தச் சிறு குழு எந்த நேரத்தில் நடக்கும் என்று கட்டாயம் கேளுங்கள். நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்கிறோம் என்றால் நடக்காது. விளையாட்டிலிருந்தோ ஓவியத்திலிருந்தோ எடுத்தால், அவள் நன்றாகச் செய்யும் ஒன்றையும் பறித்தாகிவிடும். எல்லோருக்கும் மாலை, கடைசிப் பாடவேளையில் என்றால் களைப்பில் பாதி போகும். வாரத்தில் இரண்டு பாடவேளை முழு வகுப்புக்குமே சுயகற்றல் நேரமாக இருந்து, உதவி தேவைப்படுவோர் அப்போது குழுவுக்குப் போவதுதான் நான் பார்த்ததில் நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு. யாரும் எதையும் இழப்பதில்லை, யாரும் தனியாகத் தெரிவதும் இல்லை. கால அட்டவணையில் இடம் இல்லாத ஆதரவு பள்ளியில் இல்லாத ஆதரவுதான்.

10. அதுக்கு டியூஷன் போனாலே போதுமே?

குறை எது என்று தெரிந்த பிறகு, அதை மட்டும் பார்க்கும் டியூஷன் உதவும். வகுப்பில் நடப்பதையே மாலையில் இன்னொரு முறை வேகமாக நடத்தும் டியூஷன், அடியில் இருக்கும் ஓட்டையைத் தொடாது. அனுப்புவதாக இருந்தால் கேள்வி 9-இல் சொன்ன மாதிரி தவறின் விவரத்தைப் பாட ஆசிரியரிடம் எழுதி வாங்கி, டியூஷன் ஆசிரியரிடம் கொடுங்கள்.

11. நல்லாப் படிக்கிறவங்களைத் தனி செக்‌ஷனில் போட்டா எல்லோருக்கும் வசதிதானே?

ஆசிரியருக்கு வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாணவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. மேல் பிரிவில் கிடைக்கும் லாபம் சிறிது. கீழ்ப் பிரிவில் எதிர்பார்ப்பு குறைகிறது, பாடம் மெலிகிறது, அங்கிருந்து மேலே ஏறுபவர் அரிது. 2000-ஆம் ஆண்டு முதல் 15 வயது மாணவர்களிடம் நடத்தப்படும், பல நாட்டு மாணவரின் திறனை ஒப்பிடும் பீசா ஆய்வுகளிலும், மாணவர்களைச் சிறு வயதிலேயே தனித்தனிப் பாதைகளில் பிரிக்கும் நாடுகளில் குடும்ப வசதிக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள பிணைப்பு இறுக்கமாக இருப்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது.

ஒரு குறிப்பிட்ட அலகுக்காகச் சில வாரம் குழு பிரித்து, முடிந்ததும் கலைப்பது வேறு விஷயம். அது கேள்வி 9-இன் சிறு குழு. வேகமாக முடிப்பவர்களுக்கு அடுத்த ஆண்டுப் பாடத்தை ஊட்ட வேண்டியதும் இல்லை. அதே கருத்தில் ஆழமான கேள்வி கொடுங்கள். ஒரு தேற்றத்தை வேறு வழியில் நிறுவச் சொன்னால் கெட்டிக்கார மாணவர்கூட ஒரு வாரம் யோசிப்பார்.

12. வீட்டில் வேற மொழி. ஆனா பையன் நண்பர்களோட இந்த மொழியில் சரளமாப் பேசுறான். அப்புறம் ஏன் அறிவியலில் தடுமாறுறான்?

பேச்சு மொழியும் பாட மொழியும் ஒரே வேகத்தில் வருவதில்லை. கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ், புது மொழியில் அன்றாடப் பேச்சு ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடம் படிக்கத் தேவையான மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகலாம் என்று காட்டினார். விளையாட்டுத் திடலில் கேட்கும் சரளத்தை வைத்து ஆசிரியர் உதவியை நிறுத்திவிடுகிறார். பிள்ளைக்கோ 'ஒப்பிடுக', 'காரணம் கூறுக', 'ஊகிக்க' என்பவற்றுக்கு என்ன எழுத வேண்டும் என்று இன்னும் பிடிபடவில்லை.

ஒவ்வொரு அலகுத் திட்டத்திலும் அதற்குத் தேவையான பத்துப் பதினைந்து சொற்களையும் ஓரிரு வாக்கிய அமைப்புகளையும் சேர்த்து எழுதி வைத்தால் இந்தப் பிள்ளைகளோடு மற்றவர்களும் பயனடைவார்கள். வீட்டில் உங்கள் மொழியிலேயே பாடத்தைப் பற்றிப் பேசுங்கள். அந்த மொழியில் புரிந்த கருத்து பள்ளி மொழிக்கும் கூடவே வரும்.

13. ஒருத்தருக்கு மட்டும் தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தா மத்தவங்களுக்கு அநியாயம் இல்லையா?

வரலாற்றுத் தேர்வு வரலாறு தெரியுமா என்று பார்க்கிறது. கையெழுத்தின் வேகத்தை அல்ல. எழுத்து வாசிப்பில் சிரமம் உள்ளவருக்கு நேரம் நீட்டிப்பது அந்தத் தடையை மட்டும்தான் எடுக்கிறது. விடை தெரியாதவருக்கு எத்தனை மணி நேரம் கொடுத்தாலும் தெரியாது. ஐக்கிய நாடுகள் 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, தனிப்பட்ட தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைக் கல்வி உரிமையின் பகுதியாகவே சொல்கிறது.

சிக்கலான இடம் ஒன்று இருக்கிறது. வழி மாறுவது வேறு, இலக்கே குறைவது வேறு. கேள்வித்தாளை வாசித்துக் காட்டுவது, கணினியில் எழுத விடுவது எல்லாம் வழி. பாடத்தின் பாதியை விட்டுவிடலாம் என்பது இலக்கைக் குறைப்பது. அது பின்னால் அந்த மாணவர் எந்தப் படிப்பில் சேர முடியும் என்பதையே மாற்றிவிடும். பெற்றோருக்கும் மாணவருக்கும் அதைத் தெளிவாகச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்காமல் செய்யவே கூடாது. எந்த வசதியானாலும் ஆண்டு முழுக்க வகுப்பிலும் பழக்கத்தில் இருக்கட்டும். இறுதித் தேர்வன்று முதல் முறையாக, தான் சொல்லும் விடையை எழுதித் தரும் ஒருவரோடு உட்காரும் பிள்ளை அவரைப் பழகிக்கொள்வதிலேயே நேரத்தை விட்டுவிடும்.

14. ஆலோசகரிடம் அனுப்பினா 'அவனுக்கு ஏதோ பிரச்சினை'ன்னு பேசுவாங்களே? அவன் சொல்வதை உங்களிடம் சொல்லிடுவாரா?

பிரச்சினை வந்தவர்கள் மட்டும் போகும் அறையாக வைத்திருந்தால் பேசத்தான் செய்வார்கள். எல்லா மாணவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாடத் தேர்வு, படிக்கும் முறை போன்ற சாதாரண விஷயத்துக்காக அங்கே போகும்படி திட்டத்தில் இருந்தால் இந்தப் பேச்சு அடங்கிவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பறையிலும் சிலர் இருக்கிறார்கள் என்றுதான் திட்டமிட வேண்டும்.

சொன்னதை வெளியே சொல்ல மாட்டார். ஆசிரியர்களுக்குத் தெரிய வேண்டியது, இரண்டு வாரம் வீட்டுப்பாடத்தில் நெருக்க வேண்டாம் என்பது போன்ற அளவுதான். விலக்கு ஒன்று உண்டு: மாணவரின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ, இன்னொருவரின் பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் உரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். இந்த விலக்கை முதல் சந்திப்பிலேயே மாணவரிடம் சொல்லிவிட வேண்டும்.

15. பொதுத் தேர்வு வருஷத்தில் விளையாட்டு, பாட்டு எல்லாத்தையும் நிறுத்திட்டா என்ன?

வேண்டாம். 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடல் உழைப்பு தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தேர்வு வருடத்துக்கு அதில் விலக்கு இல்லை. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம். அதிகாலைச் சிறப்பு வகுப்பும் இரவு டியூஷனும் சேர்ந்தால் இரண்டுமே பறிபோகும். அப்படி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கூடுதல் பாடவேளை கூடுதல் கற்றலாகாது.

16. விருப்பப் பாடத்தில் அவள் கேட்ட இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாதுன்னு சொல்றாங்க. ஏன்?

விருப்பப் பாடங்களைத் தொகுதிகளாக வைத்து அட்டவணை போடுகிறோம். ஒரு தொகுதியில் உள்ளவை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். அதில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். உயிரியலும் கணினி அறிவியலும் ஒரே தொகுதியில் விழுந்தால் இரண்டும் சேராது. எல்லாச் சேர்க்கைக்கும் இடம் கொடுக்கும் அளவுக்கு ஆசிரியர்களும் அறைகளும் எந்தப் பள்ளியிலும் இருப்பதில்லை.

ஆனால் வரிசை முக்கியம். தொகுதிகளை முதலில் போட்டுவிட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அவர்கள் அட்டவணைக்குப் பொருந்த வேண்டியிருக்கும். விருப்பங்களை முதலில் கேட்டு, அதிகம் பேர் கேட்ட சேர்க்கைகள் மோதாதபடி தொகுதிகளை அமைத்தால் மோதல் கொஞ்சம் பேருக்குத்தான் வரும். அவர்களை ஆலோசகர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அப்போது, எதை விட்டால் பின்னால் எந்தப் படிப்புக்குள் நுழைய முடியாது என்பதை நேராகச் சொல்ல வேண்டும். உயர் கணக்கை விடும்போது மூடும் கதவுகள் 15 வயதில் கண்ணுக்குத் தெரியாது.

17. ரிசல்ட் நல்லா வந்திருக்கு. அப்போ திட்டம் சரியாத்தானே வேலை செய்திருக்கு?

அப்படி முடிவுக்கு வர முடியாது. சராசரி நன்றாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட கேள்வியை வகுப்பில் பாதிப் பேர் விட்டிருக்கலாம். அந்த அலகு அடுத்த ஆண்டுத் திட்டத்தில் மாற வேண்டும். வருகைப் பதிவையும் பார்க்க வேண்டும். 180 பள்ளி நாளில் 18 நாள் வராதவர், அதாவது பத்தில் ஒரு பங்கு, பல நாடுகளில் தொடர் வருகைக் குறைவு என்று கணக்கிடப்படுகிறார். மாதம் இரண்டு நாள் என்பதால் யார் கண்ணிலும் படாது. யார் தேர்வே எழுதவில்லை, யார் நடுவில் நின்றார்கள் என்பதும் முடிவின் பகுதிதான்.

விடைத்தாளில் மார்க் மட்டும் போட்டுக் கொடுப்பதும் போதாது. கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், திருத்தக் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மார்க்கைப் பார்த்ததும் குறிப்பை யாரும் வாசிப்பதில்லை என்பதை ஆசிரியர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஆண்டு நடுவில் வரும் சிறு சோதனைகளிலாவது குறிப்பைக் கொடுத்து, திருத்தி எழுத வகுப்பிலேயே நேரம் கொடுத்து, மார்க்கை அப்புறம் சொல்லலாம்.

18. திடீர்னு மூணு வாரம் பள்ளி மூடிட்டாங்க, ஒரு டீச்சரும் போயிட்டாங்க. அப்போ திட்டம் என்ன ஆகும்?

எல்லாவற்றையும் மூன்று வாரம் வேகமாக நடத்துவது மோசமான தீர்வு. ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு அலகின் பகுதிகளையும் 'இது இல்லாமல் அடுத்தது புரியாது', 'முக்கியம்தான், ஆனால் சுருக்கலாம்', 'வாசிக்கக் கொடுத்தால் போதும்' என்று மூன்றாகக் குறித்து வைத்திருந்தால், நேரம் போகும்போது மூன்றாவது வகையைப் பதற்றமில்லாமல் விடலாம். கேள்வி 5-இன் கோடுகள் எதிலிருந்து அடுத்த அலகுகளுக்கு அதிகம் கிளம்புகின்றனவோ அது முதல் வகை. எதைக் குறைத்தாலும் கேள்வி 4-இல் எடுத்து வைத்த 38 பாடவேளையை முழுதாகக் கரைத்துவிடக் கூடாது; மூடிக் கிடந்த பள்ளி திறக்கும்போது அதிகம் தேவைப்படுவது அந்த நேரம்தான்.

புதிதாக வரும் ஆசிரியருக்கு மூன்று விஷயம் எழுத்தில் கிடைக்க வேண்டும்: எதுவரை நடந்தது, எந்தத் தவறுகள் இன்னும் இருக்கின்றன, எந்த மாணவருக்கு என்ன உதவி நடந்துகொண்டிருந்தது. முதலாவது எங்கும் கிடைக்கும். மூன்றாவது இல்லாததால் சிறு குழுவில் பாதி வழி வந்த பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

19. ஒரு பள்ளி இதையெல்லாம் நிஜமாச் செய்யுதான்னு வெளியிலிருந்து எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சேர்க்கும் முன் ஒரு வகுப்பின் கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். அதில் உதவிக்கான நேரம் எது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். ஒரு கணக்கு ஆசிரியரிடம், போன ஆண்டு மாணவர்கள் அதிகம் தவறு செய்தது எதில், அதற்காக இந்த ஆண்டு எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். திட்டம் உயிரோடு இருக்கும் பள்ளியில் ஆசிரியர் உடனே ஓர் அலகின் பெயரைச் சொல்வார். பிள்ளைகள் சரியாகப் படிப்பதில்லை என்பது மட்டுமே பதிலாக வந்தால் யோசியுங்கள்.

அங்கே படிக்கும் மாணவர் ஒருவரையும் கேளுங்கள்: புரியலைன்னா யாரிடம் போவே? ஓர் ஆளையும் ஒரு நேரத்தையும் சொன்னால் போதும்.